பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம்: அமெரிக்க அட்மிஷனில் அதற்கு என்ன மதிப்பு?

அமெரிக்காவில் ஹைஸ்கூல் என்பது ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. அந்த நான்கு ஆண்டுக்குள்ளேயே கல்லூரிப் பாடங்களைப் படித்து, பள்ளிப் படிப்புக்கும் கல்லூரிக் கணக்குக்கும் சேர்த்து வரவு வைத்துக்கொள்ளும் வழி பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. பல இடங்களில் கட்டணமே கிடையாது. அதனால் பத்தாம் வகுப்பு முடியும் நேரத்தில் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி: "இதை எடுத்தால் நல்ல யுனிவர்சிட்டியில் இடம் கிடைக்குமா?"

இது ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிள்ளைக்கு இடம் கொடுப்பதா என்பதை அட்மிஷன் ஆபீஸ் முடிவு செய்கிறது. அவர் ஏற்கெனவே படித்த பாடங்களைப் பட்டத்துக்குக் கணக்கில் எடுப்பதா என்பதை ரெஜிஸ்ட்ரார் அலுவலகமும் அந்தந்தத் துறையும், பெரும்பாலும் இடம் கிடைத்த பிறகு, முடிவு செய்கின்றன. முதல் அலுவலகம் உற்சாகமாகப் பார்த்த பாடத்தை இரண்டாம் அலுவலகம் நிராகரிக்கலாம். அதற்கு நேர்மாறாகவும் நடக்கும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டுப் பழகிய பெற்றோருக்கு, 30 கிரெடிட் (கல்லூரிப் பாடத்துக்கான வரவு அலகு) வைத்திருப்பவர் 15 கிரெடிட்காரரை முந்திவிடுவார் என்று தோன்றுவது இயல்பு. அப்படி ஒரு வரிசை அங்கே கிடையாது.

எத்தனை வழிகள்

பரவலாக அறியப்பட்டது ஏபி, அதாவது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட். பாடத்திட்டத்தை வகுப்பதும் தேர்வு நடத்துவதும் காலேஜ் போர்டு. வகுப்பு நம் பள்ளியிலேயே, நம் பள்ளி ஆசிரியரிடம். மே மாதம் நாடு முழுதும் ஒரே தேர்வு. மதிப்பெண் 1 முதல் 5 வரை. ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியட்) டிப்ளமாவும் ஏறக்குறைய இதே வரிசையில் வரும், அதற்குத் தனிப் பள்ளி அனுமதி வேண்டும்.

இரண்டாவது டூயல் என்ரோல்மென்ட். டெக்சாஸில் டூயல் கிரெடிட் என்பார்கள், வாஷிங்டன் மாநிலத்தில் ரன்னிங் ஸ்டார்ட். மாநிலம் முழுமைக்குமான திட்டமாக இதை முதலில் கொண்டுவந்தது மினசோட்டா, 1985-ல். மாணவர் ஒரு கம்யூனிட்டி காலேஜிலோ (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) யுனிவர்சிட்டியிலோ முறைப்படி பதிவு செய்துகொண்டு படிக்கிறார். வகுப்பு கல்லூரி வளாகத்தில் நடக்கலாம், ஆன்லைனில் நடக்கலாம், பள்ளிக்கே வந்தும் நடக்கலாம். எப்படி நடந்தாலும் கிரேடு கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டில் (பாடங்களும் கிரேடுகளும் அடங்கிய பதிவேடு) ஏறும்.

மூன்றாவது ஏர்லி காலேஜ் ஹைஸ்கூல். பள்ளியே கல்லூரியோடு இணைந்து நடக்கும். நான்கு ஆண்டில் ஹைஸ்கூல் டிப்ளமாவோடு அறுபது கிரெடிட் கொண்ட அசோசியேட் டிகிரியையும் (இரண்டாண்டுப் பட்டம்) முடித்துவிடுவது குறிக்கோள். வட கரோலினாவில் இப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய, சிலவற்றில் ஐந்தாம் ஆண்டும் உண்டு. நியூயார்க்கில் பார்ட் ஹைஸ்கூல் ஏர்லி காலேஜ் 2001-ல் தொடங்கியது.

கிரெடிட் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 15, 16 வாரங்களுக்கு வாரம் மூன்று மணி நேர வகுப்பு. வீட்டில் படிக்க அதைப்போல இரு மடங்கு. ஆக ஒரு பாடத்துக்கு வாரம் ஒன்பது மணி நேரம். ஹைஸ்கூல் ஓராண்டு நடத்துவதைக் கல்லூரி ஒரு செமஸ்டரில் முடிக்கிறது, வேகம் அதனால்தான். பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட். வாஷிங்டன் போல, செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களாக ஆண்டைப் பிரிக்கும் குவார்ட்டர் முறை உள்ள இடங்களில் ஐந்து கிரெடிட் பாடம் ஒன்று பள்ளியின் ஓராண்டுப் பாடத்துக்குச் சமம். குவார்ட்டர் கிரெடிட்டை செமஸ்டர் கிரெடிட்டாக மாற்ற மூன்றில் இரண்டு பங்கு எடுக்க வேண்டும். 45 குவார்ட்டர் கிரெடிட் என்பது 30 தான்.

அட்மிஷன் ஆபீஸின் மேசையில்

விண்ணப்பத்தோடு பள்ளி தன் பங்குக்கு இரண்டு தாள்களை அனுப்புகிறது. ஒன்று ஸ்கூல் புரொஃபைல்: இந்தப் பள்ளியில் எத்தனை ஏபி உண்டு, கல்லூரி வகுப்புக்கு வழி உண்டா, ஜிபிஏ (கிரேடு சராசரி) எப்படிக் கணக்கிடுகிறோம் என்ற விவரம். மற்றொன்று பள்ளியின் வழிகாட்டி ஆலோசகரான கவுன்சலர் நிரப்பும் அறிக்கை. பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் உள்ள அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: உங்கள் பள்ளியின் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினம்? அதன் உச்சக் கட்டம், 'மிகக் கடினமானவை'. போட்டி அதிகமுள்ள கல்லூரிகளை நோக்குபவர்களுக்கு அந்தக் கட்டத்தில் குறி விழுவது முக்கியம். எதை எடுத்தால் விழும் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். பத்தாம் வகுப்பிலேயே கவுன்சலரிடம் இதை நேராகக் கேட்டுவிடலாம், கேட்பதில் தவறே இல்லை.

ஆக, மாணவரை அளக்கும் கோல் அவருடைய பள்ளி என்ன கொடுத்தது என்பதே. ஏபி வகுப்பே இல்லாத சிற்றூர்ப் பள்ளியிலிருந்து ஒருவர் கம்யூனிட்டி காலேஜுக்குப் போய் இரசாயனமும் கால்குலஸும் படித்து ஏ வாங்கினால், அது மிக வலுவான சான்று. இருபது ஏபி வகுப்பு உள்ள புறநகர்ப் பள்ளியில், ஏபி-யின் மேல்நிலைக் கால்குலஸான பிசி-யை விட்டுவிட்டு ஆன்லைனில் எளிதான கல்லூரிக் கணக்குப் பாடம் எடுத்தவரை அதே கண்ணோடு பார்க்க மாட்டார்கள். ஏபி-யின் தரம் எல்லா ஊரிலும் ஒன்று, தேர்வு வெளியாள் திருத்துவது; கல்லூரி வகுப்பின் தரம் கல்லூரிக்குக் கல்லூரி, சில நேரம் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். ஆகவே பள்ளியில் உள்ள ஏபி-யை முதலில் எடுப்பது, அது தீர்ந்த இடத்தில் கல்லூரிக்குப் போவது என்பதே போட்டி அதிகமுள்ள தனியார் யுனிவர்சிட்டிகளைக் குறிவைப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை. பதினோராம் வகுப்பில் கால்குலஸ் பிசி முடித்த பிள்ளை பன்னிரண்டில் மல்டிவேரியபிள் கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா எடுப்பது இதற்கு நல்ல உதாரணம்.

எந்தப் பாடம் என்பதும் முக்கியம். ஆங்கிலம், கணிதம், ஆய்வகத்தோடு கூடிய அறிவியல், வரலாறு, அயல்மொழி ஆகிய ஐந்துக்குள் வரும் பாடங்களே எடை கூட்டும். 'கல்லூரியில் வெற்றி பெறுவது எப்படி' வகைப் பாடங்கள், கணினி அறிமுகம், உடற்பயிற்சி ஆகியவை கிரெடிட் எண்ணிக்கையை ஏற்றும், கடினத்தை ஏற்றாது. அத்தனைக்கும் மேலே கிரேடு. கல்லூரிப் பாடத்தில் பி வரிசையாக விழுந்தால், துணிந்து எடுத்தார் என்ற பெருமையைவிட, எடுத்ததைச் சமாளிக்க முடியவில்லை என்ற எண்ணமே மிஞ்சும்.

ஏபி-க்கும் இதற்கும் இன்னொரு வேறுபாடு, பலர் யோசிக்காதது. ஏபி தேர்வில் 2 வாங்கினால் விண்ணப்பத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிடப் பெரும்பாலான கல்லூரிகள் அனுமதிக்கின்றன. கல்லூரி வகுப்பில் சி வாங்கினால் மறைக்க வழியில்லை. படித்த ஒவ்வொரு கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டையும் கேட்பார்கள். கால அளவிலும் வித்தியாசம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் எழுதும் ஏபி தேர்வின் முடிவு ஜூலையில் வரும், அதற்குள் அட்மிஷன் முடிந்திருக்கும். அதே ஆண்டு இலையுதிர் செமஸ்டரில் எடுத்த கல்லூரிப் பாடத்தின் கிரேடு டிசம்பரில் வந்து, ஜனவரி, பிப்ரவரியில் போகும் மிட்-இயர் ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.

கலிபோர்னியாவும் டெக்சாஸும்

தனியார் கல்லூரிகள் இதையெல்லாம் பார்வையில் எடைபோடுகின்றன. மாநில யுனிவர்சிட்டிகள் பலவற்றில் எழுதிவைத்த விதி உண்டு, அங்கே கணக்குப் போட்டே பார்க்கலாம்.

கலிபோர்னியாவின் யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) அமைப்பு ஹைஸ்கூலில் எடுத்தாக வேண்டிய பாடங்களை ஏ முதல் ஜி வரை ஏழு பிரிவாக வைத்திருக்கிறது. யூசி-க்கு டிரான்ஸ்ஃபர் ஆகும், அதாவது யூசி தன் பட்டத்துக்கு ஏற்கும், கம்யூனிட்டி காலேஜ் பாடம் பொதுவாக ஒரு செமஸ்டரே போதும், அந்தப் பிரிவில் ஓராண்டுக்குச் சமம். ஜிபிஏ கணக்கில் ஒன்பதாம் வகுப்புக்கு அடுத்த கோடை முதல் பதினோராம் வகுப்புக்கு அடுத்த கோடை வரையிலான கிரேடுகளே சேரும். டிரான்ஸ்ஃபர் ஆகும் கல்லூரிப் பாடத்துக்கு ஏபி போலவே கூடுதலாக ஒரு புள்ளி, அதாவது ஏ வாங்கினால் 4-க்குப் பதில் 5. ஆனால் இந்தச் சலுகைக்கு உச்சவரம்பு எட்டு செமஸ்டர், அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் கூடாது. ஏபி-யும் கல்லூரிப் பாடமும் ஒரே வரம்புக்குள் அடக்கம். ஏற்கெனவே நான்கு ஏபி பாடங்களை இரண்டிரண்டு செமஸ்டராக முடித்தவருக்கு ஐந்தாவதாக எடுக்கும் கல்லூரிப் பாடம் அந்த வரம்பிட்ட ஜிபிஏ-வை ஏற்றாது. பாடக் கடினத்தைக் காட்டும், அவ்வளவே. சி-க்குக் கீழே போனால் கூடுதல் புள்ளியும் கிடையாது, பிரிவுத் தேவையும் நிறைவேறாது.

டெக்சாஸில் விஷயம் வகுப்புத் தரவரிசையில் இருக்கிறது. 1997-ல் வந்த சட்டப்படி, பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநில யுனிவர்சிட்டிகளில் தானாகவே இடம். ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் யுனிவர்சிட்டிக்கு மட்டும் வரம்பு குறைவு. 2026 இலையுதிர் சேர்க்கைக்கு அது ஐந்து சதவீதம். தரவரிசையைத் தீர்மானிப்பது பள்ளி மாவட்டத்தின் ஜிபிஏ முறை. டூயல் கிரெடிட்டுக்கு ஏபி-க்குச் சமமான எடை தரும் மாவட்டங்கள் உண்டு, அதைவிடக் குறைத்துத் தருபவையும் உண்டு. குறைவாகத் தரும் மாவட்டத்தில் டூயல் கிரெடிட்டில் ஏ வாங்கிக்கொண்டே தரவரிசையில் கீழே இறங்க முடியும். மாவட்டத்தின் கையேட்டில் இந்த எடை அட்டவணை இருக்கும், பாடம் தேர்ந்தெடுக்கும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும். தானாகக் கிடைக்கும் இடம் யுனிவர்சிட்டிக்குத்தான். கேட்ட மேஜர் (முதன்மைப் பாடத்துறை) கிடைக்கும் என்று சட்டம் சொல்லவில்லை.

கிரெடிட்: அடுத்த அலுவலகம்

சொந்த மாநில அரசு யுனிவர்சிட்டியில் கிரெடிட் நிலைப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். ஃபுளோரிடாவில் அரசுக் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுப் பாட எண் முறை உண்டு. டெக்சாஸில் 42 கிரெடிட் கொண்ட கோர் (பொது அடிப்படை) பாடத்தொகுப்பை ஒரு அரசுக் கல்லூரியில் முடித்தால் மற்றவை ஏற்றாக வேண்டும். கலிபோர்னியாவில் அசிஸ்ட் இணையதளத்தில் எந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடம் எந்த யுனிவர்சிட்டியில் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று தேடலாம்.

மாநில எல்லையைத் தாண்டினால் ஒவ்வொரு பாடமாக ஆராய்வார்கள், சிலபஸ் கேட்பார்கள். செமஸ்டர் தொடங்கிய வாரமே சிலபஸை பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள்; இரண்டு ஆண்டு கழித்து அந்த ஆசிரியரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. தனியார் யுனிவர்சிட்டிகளில் அடிக்கடி காணும் விதிகள்: ஹைஸ்கூல் டிப்ளமாவுக்குக் கணக்கில் எடுத்த பாடத்துக்குக் கிரெடிட் இல்லை, பள்ளிக் கட்டடத்தில் நடந்த வகுப்புக்கு இல்லை, ஆன்லைனுக்கு இல்லை. கால்டெக் ஏபி-க்குக் கிரெடிட் தருவதில்லை. டார்ட்மத் 2018-ல் பட்டம் பெற்ற வகுப்பிலிருந்து அதை நிறுத்திவிட்டது. இப்படிப்பட்ட இடங்களில் முன்கூட்டிப் படித்ததன் பலன், தொடக்கநிலைப் பாடத்தைத் தாண்டி அடுத்ததில் உட்காரலாம் என்பதோடு நின்றுவிடலாம்.

அறுபது கிரெடிட்டும் ஏற்கப்பட்டாலும் இரண்டே ஆண்டில் பட்டம் என்று உறுதியில்லை. பொறியியலில் கால்குலஸ் ஒன்று, இரண்டு, மூன்று, டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ், அவற்றின் மேல் துறைப் பாடங்கள் என்று ஒன்றையொன்று பிடித்துத் தொங்கும் சங்கிலி இருக்கிறது. வரலாறும் உளவியலும் பேச்சுக்கலையும் எத்தனை முடித்து வந்தாலும் அந்தச் சங்கிலி சுருங்காது. அதைச் சுருக்க வேண்டுமென்றால் கால்குலஸையும், கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியலையும் முடித்து வர வேண்டும். வணிகம், சமூக அறிவியல் போன்றவற்றில் ஓராண்டோ அதற்கு மேலோ மிச்சமாவது நடக்கக்கூடியதே.

ஒரே பாடத்துக்கு இரண்டு முறை வரவு கிடையாது என்பதும் பலருக்கு வியப்பாக இருக்கும். ஏபி-யின் 'கால்குலஸ் AB' தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் கல்லூரியில் கால்குலஸ் ஒன்றும் வைத்திருந்தால் ஒன்றுக்குத்தான் கிரெடிட்.

சேரும் வழி

விவரங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும் வரிசை ஒன்றுதான். பத்தாம் வகுப்பின் வசந்த காலத்தில் கவுன்சலரைப் பாருங்கள். கல்லூரியில் இலவசமாக விண்ணப்பித்து மாணவர் எண் பெற வேண்டும். பிறகு பள்ளியும் பெற்றோரும் கையெழுத்திடும் அனுமதிப் படிவம். டெக்சாஸில் டிஎஸ்ஐ என்னும் தகுதித் தேர்வோ அதற்கு ஈடான மதிப்பெண்ணோ வேண்டும். கால்குலஸ் இரண்டு போன்ற பாடத்துக்கு முன்பாடம் முடித்ததற்குச் சான்று கேட்பார்கள். அதை ஏற்க வாரங்கள் ஆகும், பதிவு திறப்பதற்குள் முடித்துவிடுங்கள். கலிபோர்னியாவில் ஹைஸ்கூல் மாணவருக்குப் பதிவு நாள் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். நல்ல நேர வகுப்புகள் அதற்குள் நிரம்பிவிடும், ஆகவே இரண்டு மூன்று மாற்றுகளைக் குறித்து வைத்திருங்கள். கட்டணம் தள்ளுபடியானாலும் புத்தகம், ஆய்வகம், போக்குவரத்துச் செலவு நம் தலையில்.

முதல் செமஸ்டரில் ஒரே பாடம் போதும். கோடையில் எட்டு வாரத்தில் முடியும் வகுப்பு வசதியாகத் தெரியும். பதினாறு வாரப் பாடத்தை எட்டில் திணிப்பதால் வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் போகும். வேதியியலை அப்படி எடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

எங்கே சறுக்குகிறது

முதலாவது, கெடு தேதிகள். வகுப்பு சரிவராது என்று தெரிந்தால் சுவடே இல்லாமல் விலக ஆரம்ப வாரங்களில் ஒரு நாள் குறித்திருப்பார்கள். அதைத் தாண்டினால் டிரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ, அதாவது பாதியில் விலகியதன் குறி. அதற்கும் ஒரு கடைசி நாள் உண்டு, அதையும் விட்டால் வந்த கிரேடுதான். வகுப்புக்குப் போகாமல் நின்றுவிட்டால் தானாகப் பெயர் நீங்கும் என்று நினைத்து எஃப் வாங்குவோர் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. ஒரு டபிள்யூ பெரிய கேடில்லை. மூன்று நான்கு இருந்தால் கேள்வி வரும்.

அந்த எஃப் பதினாறு வயதில் வாங்கியது என்பதால் அழிந்துவிடாது. சட்டக் கல்லூரி விண்ணப்பங்களைத் தொகுக்கும் எல்சாக்கும், மருத்துவக் கல்லூரிகளுக்கான ஆம்காஸும் ஹைஸ்கூலில் எடுத்த கல்லூரிக் கிரேடுகளையும் ஜிபிஏ-வில் சேர்க்கின்றன. மருத்துவக் கனவு உள்ள பிள்ளை கம்யூனிட்டி காலேஜில் உயிரியலும் வேதியியலும் எடுக்கும் முன் இரு முறை யோசிப்பது நல்லது. அடிப்படை அறிவியல் பாடங்கள் நான்காண்டுக் கல்லூரியில் படித்தவையாக இருப்பதை விரும்பும் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. நிதி உதவிக்கும் தொடர்பு இருக்கிறது. முயன்ற கிரெடிட்டில் சுமார் மூன்றில் இரண்டு பங்காவது முடித்திருக்க வேண்டும் என்பது கூட்டரசு உதவிக்குப் பெரும்பாலான கல்லூரிகள் வைக்கும் அளவுகோல். அதே கல்லூரியில் பிறகு முழுநேரமாகச் சேர்ந்தால் பழைய டபிள்யூ, எஃப் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

பெற்றோர் தலையிடவும் முடியாது. மாணவர் ஆவணங்களின் அந்தரங்கத்தைக் காக்கும் 1974-ன் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் பதிவான மாணவரின் ஆவண உரிமை, வயது பதினைந்தே ஆனாலும், அவருக்கே. பேராசிரியருக்கு அம்மா மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வராது. மாணவரேதான் எழுத வேண்டும். கற்றல் குறைபாட்டுக்குப் பள்ளியில் உள்ள ஐஇபி-யும் (மாணவருக்கான தனிப்பட்ட கல்வித் திட்டம்) கல்லூரிக்குத் தானாக வராது, அங்குள்ள மாற்றுத்திறனாளி அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டும்.

பரிந்துரைக் கடிதம் இன்னொரு பள்ளம். பதினொன்று, பன்னிரண்டு முழுவதையும் கல்லூரியில் கழித்த பிள்ளையை நன்கறிந்த பள்ளி ஆசிரியர் இருக்க மாட்டார். தனியார் கல்லூரிகள் பலவும் முக்கியப் பாடம் நடத்திய இருவரின் கடிதம் கேட்கும். ஒரு செமஸ்டர் ஆன்லைனில் பாடம் நடத்திய கல்லூரி ஆசிரியரால் நான்கு வரிக்கு மேல் எழுத முடியாது. பதினொன்றாம் வகுப்பில் பள்ளியில் இரண்டு முக்கியப் பாடங்களையாவது வைத்துக்கொண்டால் இது வராது.

எத்தனை கிரெடிட் இருந்தாலும், ஹைஸ்கூல் முடிக்கும் முன் எடுத்தவையாக இருந்தால் யூசி-யிலும் வாஷிங்டன் யுனிவர்சிட்டியிலும், வேறு பெரும்பாலான இடங்களிலும், புதுமுக மாணவராகவே விண்ணப்பிக்கலாம். புதுமுக உதவித்தொகைக்கும் போட்டியிடலாம். டிப்ளமா வாங்கி, கோடையும் முடிந்த பிறகு, இடைவெளி ஆண்டு என்று சொல்லிக்கொண்டு இலையுதிர் செமஸ்டரில் கல்லூரியில் பதிந்தால் நிலைமை மாறும். யூசி அப்போது டிரான்ஸ்ஃபர் மாணவராகப் பார்க்கும். அதற்கான விதிகள் வேறு.

கடைசியாக டிரான்ஸ்கிரிப்ட். பள்ளியின் டிரான்ஸ்கிரிப்டில் கல்லூரிப் பாடம் தெரிகிறது என்பதால் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். கோடையில் வேறொரு கல்லூரியில் எடுத்த ஒரே ஒரு பாடம் உட்பட, படித்த ஒவ்வொரு கல்லூரியையும் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். கிரேடு மோசம் என்று விட்டால் நேர்மைக் குறைவாகக் கருதி இடத்தையே திரும்பப் பெறலாம். இடம் கிடைத்த பின் இறுதி டிரான்ஸ்கிரிப்டை ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் நாமே கேட்டு அனுப்பவைக்க வேண்டும். யூசி-க்கு அதன் கெடு ஜூலை 1, ஏபி மதிப்பெண்ணுக்கு ஜூலை 15. ஜூன் நடுவில் முடியும் குவார்ட்டர் கல்லூரிகளில் கிரேடு ஏற ஒரு வாரம் பிடிக்கும். வசந்தகாலக் கிரேடு ஏறிய பிறகே அனுப்பும்படி ஆர்டர் செய்யும்போது குறிப்பிட ஒரு தெரிவு இருக்கும். அதைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் பாதி டிரான்ஸ்கிரிப்டே போய்ச் சேரும், மறுபடியும் காசு கட்டி அனுப்ப வேண்டிவரும்.